பந்தியும் மொய் நோட்டும்

கல்லூரி அறிவிப்புப் பலகையில் தேர்வுக் கட்டணத் தாளை ஒட்டிவிட்டால் அன்று இரவே விடுதியில் பேச்சு மாறிவிடும். அபராதம் இல்லாமல் கட்டக் கடைசி நாள் ஒன்று, அபராதத்தோடு கட்டக் கடைசி நாள் ஒன்று என்று இரண்டு தேதிகள் அதில் இருக்கும். நான் 2004 முதல் 2007 வரை புதுக்கோட்டையில் பி.ஏ. வரலாறு படித்தேன். எல்லாத் தாளுக்கும் சேர்த்துக் கட்டணம் நானூறு ரூபாய் பக்கம் வரும். இன்றைக்குக் கேட்டால் இதற்கா இத்தனை கவலை என்று தோன்றும். ஆனால் என் ஊர் அறந்தாங்கிக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் காடு. ஆடிப் பட்டத்தில் விதைத்த கடலையைப் பிடுங்க ஐப்பசி ஆகிவிடும். கல்லூரியோ புரட்டாசியிலேயே பணம் கேட்கும். அப்பாவிடம் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. அந்தத் தேதியில் இல்லை, அவ்வளவுதான். உதவித்தொகையும் அப்படித்தான். ஆண்டு முடிகிற நேரத்தில் வரும், வாங்கிக் கடனை அடைப்போம். எங்கள் விடுதியில் பாதிப் பேருக்கு இதுதான் நிலை. தொகையைவிடத் தேதிதான் எங்களை விரட்டியது.

வேலை கிடைக்காமல் இல்லை. டியூஷன் எடுக்கலாம், மாதம் முடிந்துதான் காசு, அதுவும் பிள்ளையின் அப்பாவுக்குச் சம்பளம் வந்த பிறகு. விடியற்காலையில் பேப்பர் போடலாம். அதுவும் மாதக் கணக்கு. கீழராஜவீதி ஜவுளிக் கடைகளில் தீபாவளிக்கு ஆள் எடுப்பார்கள். இரவு பதினோரு மணி வரை நின்ற காலோடு புடவை மடிக்க வேண்டும், கூலி தீபாவளிக்கு முதல் நாள்தான் கையில் வரும். விலங்கியல் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கொடுத்தே செலவைச் சமாளித்தவன் ஒருவன் எங்கள் மாடியில் இருந்தான். தவளையின் இரத்த ஓட்டத்தைச் சிவப்பும் நீலமுமாக அவன் வரைந்து வைத்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்தக் கை எல்லோருக்கும் வாய்க்காது. காலையில் போய் இரவுக்குள் காசோடு திரும்புகிற வேலை எங்களுக்குத் தெரிந்து இரண்டுதான். ஒன்று கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவது. இன்னொன்று மொய் எழுதுவது.

பந்தி வேலைக்கு எங்களைக் கூட்டிப்போன காண்ட்ராக்டர் அண்ணன் விடுதிக்கு எதிரே இருந்த டீக்கடையில் சொல்லிவைப்பார். "நாளைக்கு ரிசப்ஷன், நாளன்னைக்கு முகூர்த்தம், பதினஞ்சு பேர் வேணும்." கூலி நேரக் கணக்கு. ஒரு நேரம் என்றால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பரிமாறுவது. அதற்கு அப்போது அறுபது ரூபாய். முந்தின நாள் இரவு, மறுநாள் காலை டிபன், மதியச் சாப்பாடு மூன்றுக்கும் நின்றால் சேர்த்து இருநூறு தருவார். இரவு மண்டபத்திலேயே படுக்கை. பந்தி முடிந்ததும் மேசைகளைத் துடைத்து அதன் மேலேயே படுப்போம். விடியற்காலை நாலு மணிக்குச் சமையல்கட்டில் அடுப்பு பற்றவைக்கும் சத்தத்தில் விழிப்பு வரும். பொங்கலுக்கு மிளகு பொரிகிற வாசனை வரும்போது குளித்து முடித்திருக்க வேண்டும்.

இது யாரும் செய்யலாம் என்று நினைக்கிற வேலை. அப்படி இல்லை. முதலில் இலை போடத் தெரிய வேண்டும். இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாம் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று போடுகிறோம். நமக்கு அது வலப்பக்கம். வேகத்தில் இது புதுப் பையன்களுக்குத் தடுமாறும். 200 இலை கொண்ட பந்தியில் நாலு இலை திரும்பிக் கிடந்தால் போதும், பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்றுவிடுவார். அடுத்து வரிசை. உப்பு, ஊறுகாய், இனிப்பு, பச்சடி, பொரியல், கூட்டு, வடை, அப்பளம் என்று ஒவ்வொன்றுக்கும் இலையில் ஓர் இடம் உண்டு. பொரியல் வைக்கிறவன் கூட்டுக்கான இடத்தில் வைத்துவிட்டால் பின்னால் வருகிறவன் வாளியோடு திகைத்து நிற்பான்.

எல்லாவற்றிலும் கடினம் சாம்பார். எவர்சில்வர் வாளி நிறைய, கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தருவார்கள். இடது கையில் வாளி, வலது கையில் கரண்டி. சோறு போடுகிறவன் அன்னவெட்டியோடு முன்னால் போவான். அவன் நாலு இலை தாண்டுவதற்குள் சாம்பார் பின்னால் வந்துவிட வேண்டும். சோற்றை இலையில் வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருந்தால் அந்தப் பந்தி கெட்டது என்று அண்ணன் சொல்வார். கரண்டியை வாளி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி அடியில் வழிகிறதை விழவிட்ட பிறகுதான் இலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். அந்தத் தட்டு இல்லாவிட்டால் பட்டுப்புடவையில் சொட்டும். சோற்றில் சாப்பிடுகிறவர் விரலால் பறித்த குழிக்குள் ஊற்ற வேண்டும். சுற்றிலும் ஊற்றினால் கூட்டோடு கலந்து ஓடும். ஒருவர் 'போதும்' என்று கையைக் குறுக்கே நீட்டுவார். அந்தக் கைக்கு முன்னால் கரண்டி நிற்க வேண்டும், இல்லையென்றால் அவர் கை வெந்துபோகும். எங்கள் இடது முன்னங்கையில் வாளியின் சூடு பட்ட சிவப்பு முகூர்த்த மாதம் முழுக்க ஆறாது. வகுப்பில் அந்தக் கையைப் பார்த்தே யார் யார் போனார்கள் என்று தெரிந்துவிடும்.

ஆலங்குடிப் பக்கத்திலிருந்து வந்த நண்பன் ஒருவன் சாம்பார் வாளியோடு நடப்பதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. யாரும் கூப்பிட மாட்டார்கள், அவனே கண்டுபிடிப்பான். வரிசையின் கடைசியில் ஒரு பாட்டி சோற்றைப் பிசைவதை நிறுத்தினால் அவன் அங்கே நிற்பான். பெரிய மனிதர்களுக்கு ஒரு கரண்டி, ஒதுங்கி உட்கார்ந்திருக்கிற வயல்காட்டு ஆளுக்கு ஒரு கரண்டி என்று அவனிடம் பேதம் கிடையாது. "அவருக்குத்தான்டா பசி இருக்கும்" என்பான். தேர்வில் அவன் எங்களுக்குப் பின்னால்தான் இருந்தான். அவன் பரிமாறுகிற மண்டபத்துக்கு அவன் சொந்தக்காரர்களே விருந்தாளியாக வந்த நாளும் உண்டு. அவன் மாமா இலையில் உட்கார்ந்தபடி தலையைக் குனிந்துகொண்டார். இவன் நேராகப் போய், "மாமா, இன்னும் கொஞ்சம் சாம்பார் போடவா?" என்று கேட்டான். உழைத்துப் படிக்கிற பிள்ளையைப் பார்த்துத் தலைகுனிய வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

விடுதியில் தினக்காட்டியை எங்களைப் போல் பார்த்தவர்கள் இருக்க மாட்டார்கள். ஆவணி பிறந்தால் முகூர்த்தம் வரும். தேர்வுக் கட்டணத்துக்கு முன்னால் கையில் காசு சேரும். புரட்டாசியில் கல்யாணம் நின்றுவிடும். ஆவணியில் சேர்க்காதவன் புரட்டாசியில் தவிப்பான். மார்கழியும் அப்படித்தான். தை பிறந்தால் அடுத்த செமஸ்டருக்கான பணம். வளர்பிறையில் நல்ல நாள் ஒன்று ஞாயிற்றுக்கிழமையோடு சேர்ந்து வந்துவிட்டால் ஊரில் ஒரு மண்டபமும் காலி இருக்காது, ஆளுக்கும் தட்டுப்பாடு. அந்த நாளில் அறுபது எண்பதாகும். அதைக் கேட்டு வாங்கும் தைரியம் எங்களுக்கு இரண்டாம் ஆண்டில்தான் வந்தது. வார நாளில் முகூர்த்தம் வந்தால் சிக்கல். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அதற்குத் தனியாக ஒரு கட்டணம் கட்ட வேண்டும். சம்பாதிக்கப் போய் அதையே கட்டணமாகக் கட்டக் கூடாது என்று, எந்தப் பாடத்தில் எத்தனை வகுப்பு விடலாம் என்பதை நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தோம்.

எல்லாக் காண்ட்ராக்டரும் எங்கள் அண்ணன் மாதிரி இல்லை. அண்ணன் மதியப் பந்தி முடிந்து பாத்திரம் ஏற்றியதும் எங்களை உட்காரவைத்து, தானே பரிமாறி, சாப்பிட்டு எழுந்ததும் காசைக் கையில் கொடுத்து அனுப்புவார். அவருக்கு வேலை இல்லாத ஒரு தையில் வேறொருவரிடம் போனோம். பெயர் வேண்டாம். "அடுத்த முகூர்த்தத்துக்குச் சேர்த்துத் தர்றேன்" என்றார். அடுத்த முகூர்த்தத்தில் பாதி தந்து, மீதிக்கு அதற்கடுத்த முகூர்த்தத்தைச் சொன்னார். பாக்கி வைத்தால்தான் பையன்கள் மறுபடி வருவார்கள் என்பது அவர் கணக்கு. எங்களோடு வந்தவர்களில் ஒருவன் அந்தக் காசை நம்பி அபராதமில்லாத தேதியை விட்டான். பிறகு அபராதத்தோடு கட்டினான். ஒரு மாணவனுக்கு இரண்டு வாரம் தள்ளித் தருகிற இருநூறு ரூபாய் இருநூறு ரூபாய் ஆகாது. இதை நான் இன்றைக்கும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். உழைத்த பிள்ளையின் கூலியைப் பிடித்து வைப்பது அவன் படிப்பைப் பிடித்து வைப்பதுதான்.

பெண் பிள்ளைகளுக்கு அன்று இந்த வழியும் இல்லை. இரவு மண்டபத்தில் தங்குவதை எந்த வீட்டில் ஒப்புக்கொள்வார்கள்? எங்கள் வகுப்புத் தோழிகளில் சிலர் ரவிக்கைக்கு ஊக்கு தைத்தார்கள், ஓரம் அடித்தார்கள். கீரமங்கலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் விடியற்காலையில் பூக் கட்டிவிட்டுப் பஸ் ஏறுவார்கள். எட்டு மணி வகுப்பில் அவர்கள் விரலில் நாரின் கோடு இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்தால் மல்லிகை வாசம். கிலோ கணக்கில் கட்டினாலும் நாங்கள் ஒரு நேரத்தில் வாங்கியதை அவர்கள் ஒரு வாரத்தில் தொட்டிருந்தால் அதிகம். அது நியாயமில்லை என்று நாங்கள் யாரும் அன்று பேசியதில்லை.

ஆடியில் கல்யாணம் கிடையாது. புதுக்கோட்டை மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். ஆனால் கிழக்கே ஆலங்குடி தாண்டிவிட்டால் கதை வேறு. வடகாடு, கீரமங்கலம், நெடுவாசல், அந்தப் பக்கம் தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணி வரைக்கும் ஆடியும் ஆவணியும்தான் மொய் விருந்துக் காலம். வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமலே ஒரு குடும்பம் பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு மொய் வாங்கும். ஒரு குடும்பத்துக்கு ஐந்தாண்டுக்கு ஒரு தடவை முறை வரும். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் போய்ச் செய்த மொய்யெல்லாம் அன்றைக்குத் திரும்பி வரும். செலவைக் குறைக்க நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பதும் உண்டு. வாங்கியதை மட்டும் திருப்பிச் செய்தால் கணக்கு முடிந்தது என்று பொருள். மேலே போட்டுச் செய்தால் அது புது மொய். நமக்குள் கொடுக்கல் வாங்கல் தொடர்கிறது என்று பொருள். பத்திரமோ வட்டியோ கிடையாது. இருப்பது ஒரு நோட்டு மட்டும்தான். அந்த நோட்டைப் பிழையில்லாமல் எழுத ஆள் வேண்டும்.

"கையெழுத்து நல்லா இருக்கிற காலேஜ் பையன் இருந்தாக் கூட்டிட்டு வா" என்று ஆலங்குடி நண்பனின் பெரியப்பா சொல்லிவிட்டிருந்தார். அப்படித்தான் நான் மொய் எழுதப் போனேன். ஒரு மேசைக்கு மூன்று பேர். பணத்தை வாங்கி எண்ணி, சத்தமாகச் சொல்லி, அண்டாவில் போடுகிறவர் ஒருவர், அந்த வீட்டுக்கு நம்பிக்கையான உறவு. எழுதுகிறவன் நான். பக்கத்தில் ஒருவர் நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வரிசை எண், ஊர், பெயர், தொகை. தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுத வேண்டும். பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. வடகாடு கருப்பையா என்று எழுதினால் எந்தக் கருப்பையா? அப்பா பெயரின் முதலெழுத்து, எந்தத் தெரு, கிழக்கு வீடா மேற்கு வீடா, ஊருக்குள் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதெல்லாம் சேர வேண்டும். இரண்டு வருடம் கழித்து இந்த வீட்டுக்காரர் அந்தக் கருப்பையா வீட்டு விருந்துக்குப் போகும்போது இந்த ஒரு வரிதான் சாட்சி. வரலாற்று வகுப்பில் ஆவணம் என்று படித்ததை நான் முதன்முதலில் என் கையால் எழுதியது அந்த மேசையில்தான்.

பக்கம் முடிந்ததும் கூட்டி அடியில் போட்டு, அடுத்த பக்கத்தின் தலையில் அதை ஏற்ற வேண்டும். வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும்போது மனக்கணக்காகக் கூட்ட வேண்டும். உச்சி வெயிலில் தகரப் பந்தலின் கீழே கறிக்குழம்பு வாசனையும் ஒலிபெருக்கிப் பாட்டுமாக இருக்கும். பேனா பிடித்த விரல் மரத்துப்போகும். மாலையில் கூட்டம் வடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அண்டாவைக் கவிழ்ப்பார்கள். நூறு, ஐநூறு, ஆயிரம் என்று தனித்தனியாக அடுக்கி எண்ணி, நோட்டுக் கூட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும். ஒத்துவரும் வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. ஒத்துவந்த பிறகு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு 250 ரூபாய் வைத்துத் தருவார்கள்.

அப்படி ஓர் இரவை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். விருந்து வைத்தவர் ஓர் அம்மா. கணவர் இல்லை. படிப்பும் இல்லை. எண்ணி முடித்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, "தம்பி, நீ இரு. முதப் பக்கத்துலேர்ந்து படி" என்றார். நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வார்த்தை சொன்னார். "அவன் போர் போட்டப்பச் செஞ்சது." "அது எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப." ஓர் இடத்தில் ஆயிரம் என்று படித்ததும் நிறுத்தினார். "ஐநூறு நான் செஞ்சது. ஐநூறு அந்தப் பிள்ளை புதுசாப் போட்டிருக்கு. ரெண்டையும் பிரிச்சு ஓரத்துல எழுதிக்க தம்பி." அந்த நோட்டின் பழைய கணக்கு முழுவதும், நூற்றுக்கணக்கான வீடுகளின் கணக்கு, அவர் மனதில் இருந்தது. நான் படிப்பது அவருக்குச் சரிபார்க்க மட்டுமே. பாதிக்கு மேல் சரி என்று தலையை ஆட்டினார், சில பெயர்களுக்குக் கண் கலங்கினார்.

எதற்காக இந்த வருடம் வைத்தீர்கள் என்று கேட்டேன். மகளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்திருந்தது. தென்னை இருக்கிறது, தேங்காய்க் காசு வந்துகொண்டுதான் இருக்கும் என்றார். "ஆனா காலேஜுல திங்கக்கிழமைக்குள்ள கட்டச் சொல்லிட்டாங்களே. அதுக்கப்புறம் லட்ச ரூவா வந்து என்ன செய்ய?" நாங்கள் விடுதியில் நானூறு ரூபாய்க்குப் பேசியதும் இதுதான். அவருக்கு ஒரு வட்டாரமே சேர்ந்து தேதிக்குப் பணம் கொடுத்தது. எங்களுக்கு ஒரு சாம்பார் வாளி கொடுத்தது. மொய் விருந்தைப் பிச்சை என்றும் சூதாட்டம் என்றும் பேசுகிறவர்களோடு அன்றிலிருந்து நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன். வங்கி வாசலில் நிற்க முடியாதவர்கள் தங்களுக்குள் கட்டிக்கொண்ட ஏற்பாடு அது. திருப்பிச் செய்ய முடியாமல் போன குடும்பங்கள் படுகிற அவமானத்தையும் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னது முழுமையாகாது.

2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பகுதித் தென்னைகளைச் சாய்த்தது. காய்த்துக்கொண்டிருந்த மரங்கள் ஒரே இரவில் போனதும் மொய்யும் சுருங்கியது. பிறகு கொரோனா வந்தது. இப்போது மறுபடி விருந்துகள் நடக்கின்றன. பணம் எண்ண எந்திரம் வந்துவிட்டது, சில மேசைகளில் கணினி வந்துவிட்டது. நோட்டில் எழுதும் மேசைகளும் இருக்கின்றன. பந்தி வேலைக்கு டீக்கடையில் சொல்லிவைப்பது போய் வாட்ஸ்அப் குழு வந்திருக்கிறது. மண்டபங்களில் பெண் பிள்ளைகள் பரிமாறுவதைப் பார்க்கிறேன், மகிழ்ச்சியாக இருக்கிறது. அவர்களை இரவு எத்தனை மணிக்கு, யார் கொண்டுபோய் வீட்டில் விடுகிறார்கள் என்று விசாரிக்காமல் என்னால் அங்கிருந்து கிளம்ப முடிவதில்லை. நகரத்துப் பிள்ளைகள் பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அதில் பெட்ரோல் காசைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்பதை முதல் வாரத்திலேயே எழுதிப் பார்க்க வேண்டும்.

அக்கா மகன் இந்த ஆண்டு திருச்சியில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். "மாமா, சீக்கிரம் கொஞ்சம் காசு பார்க்க என்ன வழி?" என்று கேட்டான். எந்த வேலை என்று நான் சொல்லவில்லை. போவதற்கு முன்னால் கேட்க வேண்டியதைச் சொன்னேன். கூலி எவ்வளவு, அன்றைக்கே தருவார்களா, சாப்பாடு உண்டா, இரவு திரும்பி வர வண்டி உண்டா. முன்பணம் கட்டச் சொல்கிற வேலை எதுவானாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிட வேண்டும். கூலிக்குப் போகிறவன் காசு கொடுக்கக் கூடாது. அவன் ஒரு கேட்டரிங் குழுவில் இதையெல்லாம் அப்படியே கேட்டிருக்கிறான். கூலி வாரக் கடைசியில் என்று பதில் வந்ததாம். போகவில்லை. வேறொருவர் அன்றைக்கே தருவதாகச் சொன்னார், ஆனால் மண்டபம் ஸ்ரீரங்கத்தில், திரும்பி வர வண்டி இல்லை. "வண்டி வைங்கண்ணே, நாங்க எட்டுப் பேர் வர்றோம்" என்று பேசியிருக்கிறான். ஒரு வேன் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.